யெஸ் குழுவும் விட்டுப்போன பெயர்களும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகத்தின் மேல்மாடி அரங்கை இந்த மாலைக்காகத் திறந்துகொடுத்ததோடு ரெக்கார்டு பிளேயரையும் தம் சொந்தப் பொறுப்பில் கொண்டுவந்து வைத்திருக்கும் நூலகர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் முன்வரிசையில் வந்தமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தும் ஓய்வுபெற்ற இசைக் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, இசை ரசிகர் வட்டத்தின் கோரிக்கைகளை எப்போதும் செவிமடுக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வாத்தியக் கலைஞர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. அவருக்கு என் நன்றியைத் தனியே பதிவு செய்ய விரும்புகிறேன்.

புரோகிரசிவ் ராக் எனப்படும் நீண்ட, சிக்கலான அமைப்புடைய ராக் இசையை வாசிக்கும் யெஸ் என்னும் ஆங்கிலேயக் குழுவைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் ஆட்கள் மாறிய வரலாற்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இந்தக் குழுவின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது அந்தப் பழமொழிதான்.

1968ஆம் ஆண்டு லண்டன் சோஹோ பகுதியில், வார்டர் தெருவில் இருந்த லா ஷாஸ் என்ற சிறிய மதுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பாடகர் ஜான் ஆண்டர்சனும், பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்குவயரும் அறிமுகமானார்கள். ஸ்குவயருடன் முன்பே வாசித்துவந்த பீட்டர் பேங்க்ஸ் கிட்டாருக்கு வந்தார். பத்திரிகை விளம்பரம் வழியாக பில் புரூஃபோர்டு டிரம்ஸுக்கு வந்தார். டோனி கே ஆர்கனுக்கு வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் எஸெக்ஸ் மாவட்டத்தில் ஓர் இளைஞர் முகாமில் யெஸ் என்ற பெயரில் முதன்முதலாக மேடை ஏறினார்கள். அந்தப் பெயரை முன்மொழிந்தவர் பீட்டர் பேங்க்ஸ் என்பதை அவையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு அதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது ஆல்பமான ‘டைம் அண்ட் எ வேர்ட்’ 1970இல் வெளிவந்தது. அதில் ஆர்கெஸ்ட்ரா எனப்படும் பெரிய வாத்தியக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். தம் கிட்டாருக்கு உரிய இடங்களையெல்லாம் ஆர்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியங்கள் எடுத்துக்கொண்டன என்ற மனக்குறை பேங்க்ஸுக்கு இருந்தது. ஆல்பம் கடைக்கு வருமுன்பே அவர் குழுவில் இல்லை. அவருடைய இடத்துக்கு ஸ்டீவ் ஹோ வந்தார். அமெரிக்காவில் வெளியான பதிப்பின் உறையைப் பாருங்கள்: குழுவினர் படத்தில் ஸ்டீவ் ஹோ இருக்கிறார். அந்த ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. வாசித்தவர் படத்தில் இல்லை, படத்தில் இருப்பவர் வாசிக்கவில்லை. ஹோ மாபெரும் கலைஞர், அவர்மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் அந்த உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்து டோனி கே. அவருக்குப் பிடித்தவை ஹேமண்ட் ஆர்கனும் பியானோவும்தான். மெல்லட்ரான், மூக் சிந்தசைசர் போன்ற புதிய கருவிகளில் அவருக்கு ஆர்வம் இல்லை. 1971இல் அவர் வெளியேற, ஸ்ட்ராப்ஸ் குழுவிலிருந்து ரிக் வேக்மன் வந்தார். அவர் வந்த கையோடு ‘ஃப்ரஜைல்’ பதிவாயிற்று. ஆல்பங்களுக்கு உறை வரைந்த ரோஜர் டீனின் ஓவியங்கள் இந்த ஆல்பத்திலிருந்துதான் யெஸ்ஸின் முகமாயின. வேக்மன் வேறொரு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருந்த காரணத்தால், தாம் பங்களித்த பாடல்களில் இயற்றியவர் பட்டியலில் அவருடைய பெயர் சேரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது இருக்கட்டும், உப்பிட்ட அன்றே அவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

1972இல் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ பதிவு முடிந்தவுடன் புரூஃபோர்டு கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். சுற்றுப்பயணம் தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில் ஆலன் ஒயிட் அந்த இடத்துக்கு வந்து, புரூஃபோர்டு அமைத்த சிக்கலான தாளங்களையெல்லாம் கற்றுக்கொண்டு ஜூலை 30ஆம் நாள் டல்லாஸ் மேடையில் அமர்ந்தார். பிறகு 2022இல் மறையும்வரை, அரை நூற்றாண்டு, யெஸ்ஸின் டிரம்ஸ் அவருடையதாகவே இருந்தது.

இப்போது மான்செஸ்டர் நகரத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அதற்கு முன் அங்கு நடந்த கச்சேரியின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். புரூஃபோர்டின் திருமண வரவேற்பில் ஜேமி மியூர் என்ற கலைஞர் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றிச் சொன்னார். அந்நூலின் ஓர் அடிக்குறிப்பில் சாஸ்திரங்களின் வகைகளைப் பற்றி வாசித்த ஆண்டர்சன், அதையே கருவாகக் கொண்டு, இரண்டு இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களையும் நான்கே பாடல்களால் நிரப்பும் ஒரு பெரும்படைப்பை ஹோவுடன் சேர்ந்து உருவாக்கினார். அதுதான் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’. வேக்மனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நீளம் மிகுதி என்பது அவர் கருத்து. 1973 இறுதியில், ஆல்பம் ரசிகர் கைக்கு வருமுன்பே, அதை முழுவதுமாக மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கச்சேரி. வேக்மனுடைய ஆர்கனுக்கு அடியிலேயே ஓர் உதவியாளர் படுத்திருப்பார். கருவிகளில் ஏதேனும் கோளாறு வந்தால் அங்கேயே சரிசெய்வது அவர் பணி. கச்சேரிக்கு நடுவே அவர் மேலே பார்த்து, கச்சேரி முடிந்தபின் சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிறார். வேக்மனும் சிக்கன் விண்டாலு, புலாவ், அப்பளம், வெண்டைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு, பராத்தா என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பாட்டு நடந்துகொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் போகிறது. எங்கிருந்தோ மசாலா மணம் வருகிறது. குனிந்து பார்த்தால், உதவியாளர் கீழேயிருந்து அலுமினியப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேலே நீட்டுகிறார்! கச்சேரிக்குப் பிறகு என்றல்லவா சொன்னேன் என்கிறார் வேக்மன். ஆனாலும் அந்தப் பகுதியில் தமக்கு வாசிக்க அதிகம் இல்லாததால், பொட்டலங்களைக் கீபோர்டுகளின் மேல் பரப்பி, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். மணம் பிடித்து அருகே வந்த ஆண்டர்சன், ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு பாடப் போனார். இவ்வளவும் வேக்மன் பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்த செய்தி. நான் கேட்பது ஒன்றுதான். அந்த அப்பளத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரவுக்கு இரவு ஆர்கனுக்கு அடியில் படுத்துக் கம்பிகளைச் சரிசெய்த அந்த உதவியாளரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?

அடுத்த ஆண்டே வேக்மன் விலகினார். சுவிட்சர்லாந்துக்காரரான பாட்ரிக் மொராஸ் ‘ரிலேயர்’ ஆல்பத்துக்குக் கீபோர்டு வாசித்தார். பிறகு வேக்மன் திரும்பினார். 1980இல் ஆண்டர்சனும் வேக்மனும் ஒருசேரப் போய்விட, பகில்ஸ் குழுவைச் சேர்ந்த டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் அந்த இடங்களை நிரப்பினார்கள். அதன்பின் குழுவே கலைந்தது. ஸ்குவயரும் ஒயிட்டும் தென்னாப்பிரிக்கரான டிரெவர் ராபினுடன் சினிமா என்ற பெயரில் புதிய குழுவைத் தொடங்கி, டோனி கேயைத் திரும்ப அழைத்தார்கள். ஆண்டர்சனும் வந்து சேரவே பழைய பெயரே நிலைத்தது. ஒருகாலத்தில் அவர்களுக்குப் பாடகராயிருந்த ஹார்ன் தயாரித்த ‘90125’ ஆல்பத்திலிருந்து ஒரு பாடல் 1984 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

1989இல் ஆண்டர்சன், புரூஃபோர்டு, வேக்மன், ஹோ ஆகிய நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். யெஸ் என்ற பெயர் ஸ்குவயர் தரப்பிடம் இருந்ததால், தங்கள் குடும்பப் பெயர்கள் நான்கையும் வரிசையாக எழுதி அதையே ஆல்பத்தின் பெயராக்கினார்கள். வேறு வழியின்றிச் செய்தது என்றாலும், வாசித்தவர் பெயர்களே உறையாக அமைந்த அந்த ஆல்பம் எனக்கு மிகவும் உகந்தது. இரு தரப்பும் இணைந்து 1991இல் எட்டுப் பேராக ஒரே மேடையில் வாசித்தார்கள்.

அந்த எட்டுப் பேரைத்தான் 2017இல், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் சேர்த்துக்கொண்டது. முதல் ஆல்பம் தொடங்கித் தம் காலத்தில் வந்த எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களிலும் வாசித்த ஒரே கலைஞரான ஸ்குவயர் அதற்குள் மறைந்துவிட்டார். 2015 ஜூனில் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த எட்டில் பீட்டர் பேங்க்ஸ் இல்லை. குழுவுக்குப் பெயரை முன்மொழிந்தவர், முதல் இரண்டு ஆல்பங்களின் கிட்டார் கலைஞர், 2013இல் மறைந்த மனிதர், அந்தப் பெயருக்குக் கிடைத்த மரியாதையில் பங்கு பெறவில்லை. மொராஸ் இல்லை, ஹார்ன் இல்லை, டவுன்ஸ் இல்லை. இது நேர்மையன்று என்று இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன்.

இங்குதான் என் கோரிக்கை வருகிறது. நூலகத்தின் இசைப் பிரிவில் உள்ள ஒவ்வோர் இசைத்தட்டுக்கும், ஒவ்வொரு குறுந்தகட்டுக்கும் அட்டவணையில் தலைப்பும் குழுவின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. வாசித்த ஒவ்வொருவரின் பெயரும், ஒலிப்பதிவு செய்தவரின் பெயரும் அதில் ஏற வேண்டும். கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள் திரையில் காண்பது ஒரே ஒரு பெயர். பின்னால் இருக்கும் பத்துப் பேரை அவர்கள் எப்படி அறிவார்கள்? எழுதும் வேலையை எங்கள் வட்டத்தின் உறுப்பினர்கள் ஊதியமின்றிச் செய்துதரத் தயாராக இருக்கிறோம். நூலகர் அவர்கள் அனுமதி தந்தால் போதும். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் இதற்கான அட்டைகளுக்கும் அலமாரிக்கும் வழிசெய்து தர வேண்டும் என்று அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். மனு வாசலருகே மேசைமீது இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள்.

இப்போது ‘டைம் அண்ட் எ வேர்ட்’ ஆல்பத்திலிருந்து ‘ஆஸ்ட்ரல் டிராவலர்’ பாடலைக் கேட்போம். பாடுபவர் ஜான் ஆண்டர்சன். ஆர்கன் டோனி கே. பேஸ் கிட்டார் கிறிஸ் ஸ்குவயர். டிரம்ஸ் பில் புரூஃபோர்டு. கிட்டார் பீட்டர் பேங்க்ஸ்.