பார்க்காத மலையை வரைவது: புவெனஸ் ஐரிஸ் ஸ்லோவேனியர்களின் ஓவியங்கள்

(திரையில்: குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியாள் ஓவியம். குழந்தை தாயை ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஸ்லோவேனியாவில் ப்ரெஸ்யே என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில் இருப்பது இது. 1814-ல் லியோபோல்ட் லாயர் என்ற ஓவியர் வரைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கள்ளநோட்டு வழக்கில் சிறைக்குப் போன மனிதர், விடுதலையானால் இந்தக் கோயிலுக்கு ஒரு படம் வரைந்து தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார், வெளியே வந்ததும் சொன்னபடி செய்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

கள்ளநோட்டு இருக்கட்டும், படத்துக்கு வருவோம். லாயர் வரைந்ததே ஒரு நகல்தான். மூலம் லூக்காஸ் கிரானாக் என்ற ஜெர்மானிய ஓவியருடையது, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத் தேவாலயத்தில் இருக்கிறது. அந்த நகலுக்கு மறுநகல்கள் எடுத்துக்கொண்டு ஸ்லோவேனியர்கள் உலகம் முழுக்கப் போனார்கள். அமெரிக்காவில் லெமான்ட் என்ற ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் ஆலயத்துக்கு 'அமெரிக்க ப்ரெஸ்யே' என்றே பெயர். அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் ஸ்லோவேனியர்களின் மையத் தேவாலயமும் இந்த மாதாவின் பெயரில்தான் இருக்கிறது: மரியா பொமாகாய். 'மரியே, உதவி செய்' என்று அர்த்தம். (நம் ஊர் சகாய மாதா படம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆக, தாயகத்தின் அடையாளம் என்று இவர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன படமே இன்னொரு ஊரிலிருந்து வந்ததுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த வீடியோ முழுக்க நாம் பார்க்கப்போவதும் இதைத்தான்: ஊரைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது, படத்தை எடுத்துக்கொண்டு போகலாம், அப்படி எடுத்துப் போன பிறகு அந்தப் படம் என்ன ஆகிறது என்பதை.

(திரையில்: வரைபடம். லூபெல் கணவாய், அதன் வடக்கே வெட்ரின்.)

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடலாம். 1945 மே மாதம். போர் முடிகிறது, ஸ்லோவேனியாவையும் உள்ளடக்கிய யூகோஸ்லாவியாவில் டிட்டோவின் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கான ஸ்லோவேனியர்கள் லூபெல் கணவாய் வழியாக மலையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போய், வெட்ரின் என்ற இடத்தில் ஒரு வெட்டவெளியில் முகாமிட்டார்கள். அவர்களில் பொதுமக்கள் சுமார் 6,000 பேர். கூடவே தொமொப்ரான்ட்சி என்ற படையினர், அதாவது ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களோடு சேர்ந்துகொண்டு கம்யூனிஸ்டு கெரில்லாக்களை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள். மே கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் படையினரை ரயிலேற்றித் திருப்பி அனுப்பியது. இத்தாலிக்குப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்கள் யூகோஸ்லாவியாவில் இறக்கப்பட்டார்கள், பெரும்பாலானோர் விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டுக் கோச்செவ்ஸ்கி ரோக் காட்டுக் குழிகளிலும் வேறு இடங்களிலும் புதைக்கப்பட்டார்கள். பொதுமக்களை அனுப்பும் திட்டம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அவர்கள் சில வருடங்கள் அகதி முகாம்களில் கிடந்துவிட்டு, 1947 முதல் கப்பலேறினார்கள். பெரிய பங்கு அர்ஜென்டினாவுக்கு.

அர்ஜென்டினாவுக்கு அதற்கு முன்பே ஸ்லோவேனியர்கள் போயிருக்கிறார்கள், முசோலினி ஆட்சியில் தங்கள் மொழியே தடைப்பட்டதால், அப்போது இத்தாலியிடம் இருந்த த்ரியெஸ்தே, கோரீட்சா பக்கத்திலிருந்து கிளம்பிய கூட்டம் அது. கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு தகவல்: போகா ஜூனியர்ஸின் புகழ்பெற்ற லா பொம்பொனேரா மைதானத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் விக்டர் சுல்ச்சிச், த்ரியெஸ்தே அருகே க்ரீஷ் கிராமத்துக்காரர். ஆனால் நம் கதை அந்த அலையைப் பற்றியதல்ல. அந்த அலையில் போனவர் என்றைக்காவது ஊருக்குப் போய் வரலாம். 1945-ல் ஓடியவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

இந்த இடத்தில் அவர்கள் மொழியிலிருந்து நாலு சொல் தெரிந்துகொண்டால் நல்லது. 'தொம்' என்றால் வீடு. 'தொமொவினா' தாயகம். 'தொமொதோஷ்யே' என்பது வீட்டை நினைத்துப் புலம்பும் ஏக்கம். வீட்டிலிருந்து பிரிந்து வெளியே வாழ்பவர் 'ஸ்தோமெட்ஸ்'. நாலும் ஒரே வேரில் முளைத்தவை. புவெனஸ் ஐரிஸ் புறநகர்களில் இவர்கள் கட்டிக்கொண்ட சமூகக் கூடங்களுக்கும் தொம் என்றுதான் பெயர். சான் ஹுஸ்தோவில் இருப்பது 'நாஷ் தொம்', நம் வீடு.

(திரையில்: வயல் நடுவே கூரை போட்ட மரச்சட்டம், அதில் காயும் புல்.)

இது கொசோலெட்ஸ். புல்லும் கதிரும் மழையில் நனையாமல் காய்வதற்காக வயலில் நிறுத்தும் மரச்சட்டம். ஸ்லோவேனிய விவசாயிக்கு இது ஒரு தளவாடம், அவ்வளவுதான். யாரும் அதைப் பார்த்துக் கண்கலங்க மாட்டார்கள். கடல் தாண்டிய பிறகு இதுவே படமாகிறது. இதோடு 2,864 மீட்டர் த்ரிக்லாவ் சிகரம், ஜன்னலில் தொங்கும் சிவப்புக் கார்னேஷன் பூ, லிண்டன் மர இலை, குன்றின் மேல் வெள்ளைத் தேவாலயம். விழா மேடைக்குப் பின்னால் தொங்கும் திரையில், மலர் அட்டையில், சுவரில் மாட்டிய சின்ன எண்ணெய் ஓவியத்தில் இதே ஐந்தாறு உருவங்கள்தான் திரும்பத் திரும்ப.

கலை விமர்சகர்கள் இதைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள், காலண்டர் படம் என்பார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கமாட்டேன். அங்கே பிறந்த குழந்தை த்ரிக்லாவைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் நிச்சயமில்லை, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை பாம்பா சமவெளி, ஒரு மேடுகூடக் கிடையாது. அந்தக் குழந்தைக்கு மலை என்ற சொல்லைச் சொல்லிக் கொடுக்க ஏதாவது வேண்டாமா? சனிக்கிழமை ஸ்லோவேனியப் பள்ளியில் மொழி படிக்கும்போது அந்தப் படம் அதற்குப் பாடப்புத்தகம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் படத்தில் நேரம் 1945-லேயே நின்றுவிட்டது. அதில் தொழிற்சாலை இல்லை, அடுக்குமாடி இல்லை, வீட்டைப் பறிகொடுத்த கதையும் இல்லை. வெட்ரினில் நடந்தது எதுவும் கொசோலெட்ஸ் படத்தில் தெரியாது. ஏக்கத்துக்கு வடிவம் கிடைத்துவிட்டது, நாடு இழந்த அனுபவத்துக்குக் கிடைக்கவில்லை. அதைத் தேடியவர்கள் வேறு பக்கம் போக வேண்டியிருந்தது.

1954-ல் புவெனஸ் ஐரிஸில் 'ஸ்லொவென்ஸ்கா குல்துர்னா அக்சியா', அதாவது ஸ்லோவேனியப் பண்பாட்டு இயக்கம், தொடங்கப்படுகிறது. வந்து சில வருடமே ஆன அகதிகள், பகலில் கூலி வேலையும் கட்டட வேலையும் பார்த்துக்கொண்டு, 'மெத்தொப்யே' என்று இலக்கியப் பத்திரிகை நடத்துகிறார்கள், புத்தகம் போடுகிறார்கள், ஓவியப் பள்ளி வைக்கிறார்கள். இந்த வட்டத்தின் முக்கியமான ஓவியர் பாரா ரெமெட்ஸ். 1910-ல் ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவில் பிறந்த பெண், குரோஷியாவின் ஸாக்ரெப் கலைக் கல்லூரியில் படித்தவர். போருக்குப் பின் அகதியாகி அர்ஜென்டினா வந்துசேர்ந்தார்.

இவர் என்ன வரைந்திருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? நானும் கொசோலெட்ஸைத்தான் எதிர்பார்த்தேன். இவரோ தென்னமெரிக்கப் பழங்குடி மக்களை வரைந்தார். ஆண்டீஸ் மலை மக்களின் முகங்கள், அவர்களின் பழைய நாகரிகங்கள், நிலத்தைப் பறிகொடுத்த அவர்களின் மௌனம். பிந்தைய வருடங்களில் ஆண்டீஸ் அடிவாரத்தில் உள்ள பரிலோச்சேயில் வாழ்ந்தார். ஏரியும் பனிமலையுமாக அந்த ஊர் ஆல்ப்ஸை அப்படியே நினைவுபடுத்தும், ஸ்லோவேனிய மலையேறிகள் பலர் அங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே இருந்துகொண்டு ஆல்ப்ஸ் மாதிரி ஒரு மலையை வரைந்து வீட்டு ஞாபகத்தைத் தீர்த்துக்கொள்வது சுலபம். அவர் பார்வை அந்த மலையின் சொந்தக்காரர்கள் பக்கம் போனது.

இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஊரை மறந்துவிட்டு உள்ளூர்க்காரியாகிவிட்டார் என்பது ஒன்று. எனக்கு அப்படிப் படவில்லை. சொந்த நிலத்திலேயே அகதியாகிப்போன ஒருவரின் முகத்தை, நிலத்தை விட்டு ஓடிவந்த ஒருவர்தான் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்க முடியும். தன் கதையை நேராகச் சொன்னால் அது அரசியலாகிவிடும், யார் பக்கம் நின்றாய் என்ற கேள்வி வந்துவிடும். இன்னொருவர் முகத்தில் அதைப் பார்த்தபோது இழப்பு மட்டும் மிஞ்சியது. இது என் வாசிப்புதான், நீங்கள் மறுக்கலாம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஸ்தானிஸ்லாவ் ரபோடெட்ஸ். த்ரியெஸ்தேயில் பிறந்து 1948-ல் ஆஸ்திரேலியா போனவர். அவர் படத்தில் மலையும் இல்லை, முகமும் இல்லை, பெரிய பெரிய தூரிகை வீச்சுகள்தான். புனித வெள்ளியைப் பற்றிய தியானமாக அவர் வரைந்த அரூப ஓவியம் 1961-ல் ஆஸ்திரேலியாவில் சமயக் கலைக்குத் தரும் ப்ளேக் பரிசை வாங்கியது. தாயகம் எங்கே என்று அதில் விரல் வைத்துக் காட்ட முடியாது.

அப்புறம், இந்தப் படங்களை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி. தாய்நாட்டில் பார்க்க வழியில்லை. குடியேறிகளின் எதிர்ப்புப் பத்திரிகைகளும் புத்தகங்களும் யூகோஸ்லாவியாவில் தடை. லூப்லியானா தேசிய நூலகத்தில் அவற்றைத் தனியே பூட்டி வைக்க ஒரு சேகரிப்பே இருந்தது. யாரை நினைத்து வரைகிறோமோ அவர்கள் கண்ணில் படாமலே நாற்பது வருடம் வரைவது எப்படிப்பட்ட விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 1990-ல் ஆட்சி மாறி, அடுத்த வருடம் நாடு தனியாகப் பிரிந்த பிறகுதான் கதவு நன்றாகத் திறந்தது. பாரா ரெமெட்ஸ் இறந்தது அந்த 1991-ல்தான்.

(திரையில்: மரச்சிற்பம் செதுக்கும் கைகள்.)

கடைசியாக ஒரு சிற்பி. ஃப்ரான்ட்ஸே கோர்ஷே, 1897-ல் சொத்ராஷிட்சா அருகே ஸமோஸ்தெட்ஸில் பிறந்தவர். மரக்கரண்டி, சல்லடை செய்து தலைச்சுமையாக ஊர் ஊராய் விற்கும் மக்கள் வாழும் பகுதி அது. 1492-லேயே பேரரசர் அவர்களுக்கு அந்த வியாபார உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மண்ணிலிருந்து வந்தவர் மரத்தை எடுத்துச் சிற்பமாக்கியதில் ஆச்சரியமில்லை. ஸாக்ரெபில் குரோஷியச் சிற்பி மெஷ்த்ரோவிச்சிடம் படித்தார், போருக்குப் பின் த்ரியெஸ்தே, 1952-ல் அமெரிக்கா, அங்கே கிளீவ்லாந்து, நியூயார்க். 1970-களில் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். திரும்பினார் என்றால் ஸ்லோவேனியாவுக்கு அல்ல, ஆஸ்திரியாவுக்குள் ஸ்லோவேனிய மொழி பேசும் ஸ்வெச்சே என்ற கிராமத்துக்கு. அவருடைய காட்சிக்கூடமும் அங்கேதான்.

அந்தக் கிராமம் இருப்பது ரோஷ் பள்ளத்தாக்கில். 1945 மே மாதம் லூபெல் கணவாயிலிருந்து அகதிகள் இறங்கி வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கில்தான். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கரவான்கே மலைத்தொடர் தெரியும். ஸ்லோவேனியாவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது அதே மலையின் தெற்கு முகம். ஸ்வெச்சேயிலிருந்து தெரிவது வடக்கு முகம்.