கான்வே திரும்பிப் போயிருக்கக் கூடாது

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1937-ல் ஃபிராங்க் காப்ரா இயக்கி வெளிவந்த 'லாஸ்ட் ஹொரைசன்' படத்தை வைத்து, "ஷாங்ரி-லாவுக்குத் திரும்பிப் போன கான்வே செய்தது சரியா, தவறா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்வே ஆங்கிலேய ராஜதந்திரி, அடுத்த வெளியுறவு அமைச்சர் என்று பேசப்படுபவர். சீனாவிலிருந்து கிளம்பும் அவருடைய விமானத்தைக் கடத்தித் திபெத் மலைகளுக்குள் கொண்டு போகிறார்கள். அங்கே பனிக்கு நடுவே ஒரு பசுமையான பள்ளத்தாக்கு, அதுதான் ஷாங்ரி-லா. சண்டை இல்லை, நோய் இல்லை, முதுமை எட்டிப் பார்க்கவே பல காலம் ஆகும். அதை நிறுவிய பெல்ஜியப் பாதிரியாருக்கு இருநூறு வயதுக்கு மேல். அவர்தான் தலைமை லாமா. சாகும்போது பொறுப்பைக் கான்வேயிடம் ஒப்படைக்கிறார். தம்பியின் பேச்சைக் கேட்டு வெளியேறும் கான்வே, பிறகு உயிரைப் பணயம் வைத்துப் பனியில் ஏறி அங்கேயே திரும்புகிறார்.

எனக்கு முன்னால் பேசிய தோழி உருக்கமாகப் பேசினார். "உலகம் போரில் எரியப் போகிறது, கலையையும் அறிவையும் ஓர் இடத்தில் பத்திரமாக வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு மனிதகுலத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதானே லாமாவின் கனவு? அந்தக் காவலுக்குத்தானே கான்வே போனார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன் படத்தின் முதல் காட்சிக்கு வாருங்கள்.

பாஸ்குல் என்ற ஊர். கலவரம். விமான நிலையத்தில் மக்கள் கூட்டம் அலைமோதுகிறது. விளக்குகள் போய்விட்டன, இருட்டில் விமானம் இறங்க முடியாது. உடனே கான்வே விமானக் கொட்டகைக்கே தீ வைக்கச் சொல்கிறார். அந்த வெளிச்சத்தில் விமானங்கள் இறங்குகின்றன. 90 வெள்ளைக்காரர்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசி விமானத்தில் அவரும் ஏறுகிறார். சாதித்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டிய நேரம். ஆனால் குடித்துக்கொண்டே தம்பியிடம் கசப்போடு கேட்கிறார்: தொண்ணூறு பேரைக் காப்பாற்றினோம் என்று அறிக்கையில் எழுதிவிட்டாயா? பத்தாயிரம் உள்ளூர்க்காரர்களைச் சாக விட்டுவிட்டு வந்தோமே, அதை எழுதினாயா? அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள், இல்லையா?

இந்தக் காட்சிக்காகவே காப்ராவையும் வசனம் எழுதிய ராபர்ட் ரிஸ்கினையும் கும்பிடலாம். 1937-ல், ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி! போர்க்காலத்தில் மறுவெளியீடு செய்தபோது அந்த விமானப் பேச்சை வெட்டியே விட்டார்கள். அவ்வளவு சுட்டிருக்கிறது. பிற்காலத்தில் மீட்பாளர்கள் பல நாடுகளில் தேடிப் பிரதிகளைச் சேர்த்து, 132 நிமிட ஒலியையும் மீட்டார்கள். காட்சி கிடைக்காத சில நிமிடங்களுக்கு நிழற்படங்களை வைத்து நிரப்பினார்கள். அவர்கள் பட்ட பாட்டால்தான் இன்று நான் இந்தக் கேள்வியை இங்கே எழுப்ப முடிகிறது.

சரி, இந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர் கடைசியில் எங்கே போகிறார்? தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் காப்பாற்றி, மீதி உலகத்தை அழிய விடும் ஓர் இடத்துக்குப் போகிறார். பாஸ்குலில் தொண்ணூறு, ஷாங்ரி-லாவில் ஒரு பள்ளத்தாக்கு. வெளியே விடப்பட்டவர்கள் இங்கேயும் கணக்கில் வரவில்லை. பத்தாயிரம் பேருக்காக அழுத கான்வேயை, பள்ளத்தாக்குக்குத் திரும்பிய கான்வே மறந்துவிட்டார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

குளோரியா என்ற பெண்ணைப் பாருங்கள். காச நோய் முற்றியவர், மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கில் கொஞ்ச நாள் இருந்ததும் இருமல் நிற்கிறது, முகம் தெளிகிறது. அழகான காட்சிதான். ஆனால் காச நோய்க்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நோய் வந்த வீட்டில் என்ன நடந்தது என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட காலத்தில் குணமாக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இருப்பதையே வெளியே சொல்ல மாட்டார்கள்! "குணமாக்குவது மருந்தல்ல, அந்த மண்ணும் கவலையற்ற வாழ்வும், அதை எப்படி ஏற்றுமதி செய்வது?" என்று எதிரணி கேட்கலாம். ஏற்றுமதி வேண்டாம். ஒரு ராஜதந்திரியைக் கொண்டுவர விமானத்தையே கடத்தத் தெரிந்தவர்கள், நோயாளிகளுக்காக ஒரு விமானம் அனுப்பியிருக்கலாமே? குளோரியா பிழைத்தது தற்செயல். கான்வேயோடு ஒரே விமானத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கீழே பயிர் செய்யும் மக்கள், மேலே மடாலயம். அடுத்த தலைவர் யார் என்று கீழே இருக்கும் ஒருவரையாவது கேட்டார்களா? வெளியிலிருந்து ஓர் ஆங்கிலேயரைக் கடத்தி வந்து அரியணையில் அமர்த்துகிறார்கள்.

இப்போது தோழியின் கேள்விக்கு வருகிறேன். பொக்கிஷத்தைக் காப்பாற்ற உலகத்தை விட்டுப் போகத்தான் வேண்டுமா? படம் வந்து நாலே ஆண்டுகளில், 1941 செப்டம்பரில், ஜெர்மன் படை ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டது. 1944 ஜனவரி வரை முற்றுகை. அந்த நகரத்தில் வாவிலோவின் தாவர ஆய்வு நிறுவனம் இருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் சேகரித்த நெல், கோதுமை, நிலக்கடலை விதைகள் அங்கே இருந்தன. ஊரே பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் விதைகளைக் காத்தார்கள். அவர்களில் பலர் பசியால் செத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தும், அது நாளைய மக்களுக்கு என்று தொடவில்லை. இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்று நம் புறநானூறு சொல்கிறதே, அவர்கள் இவர்கள்தான். குண்டு விழும் ஊருக்குள் இருந்துகொண்டே எதிர்காலத்தைக் காத்தார்கள். இவர்களுக்குப் பக்கத்தில் கான்வேயை நிறுத்திப் பாருங்கள், நடுவர் அவர்களே.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1942-ல் தம் மலை ஓய்விடத்துக்கு ஷாங்ரி-லா என்று பெயர் வைத்ததையும் எதிரணித் தலைவர் சொன்னார். உண்மை, இன்றைய கேம்ப் டேவிட்தான் அது. ஆனால் ரூஸ்வெல்ட் அங்கே ஓய்வெடுத்துவிட்டு வாஷிங்டனுக்குத் திரும்பி வந்தாரே! நானும் அதைத்தான் கேட்கிறேன்.

கான்வேயால் என்ன செய்திருக்க முடியும் என்கிறீர்களா? விமானத்தில் அவரே சொல்கிறார்: வெளியுறவு அமைச்சரானால் படையைக் கலைத்துவிடலாம், போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிடலாம் என்று கனவு காண்கிறார். அடுத்த மூச்சிலேயே, அதெல்லாம் நடக்காது, எனக்குத் துணிச்சல் இல்லை, சொன்னபடி கேட்கும் நல்ல பிள்ளையாக இருந்துவிடுவேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தத் துணிச்சலை ஷாங்ரி-லா அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். சண்டையில்லாமல் மனிதர்கள் வாழ முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவர், பதவி காத்திருக்கும் ஒரே மனிதர் அவர்தான். ஷாங்ரி-லாவை விட்டு வெளியேறிய வழியில் நினைவை இழந்த அவர், அது திரும்பியபோது இங்கிலாந்து போகும் கப்பலில் இருந்தார். அங்கிருந்து தப்பி ஓடி மலையைத் தேடிப் போனார்.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். கான்வே திரும்பிப் போனதால், மலைக்கு இந்தப் பக்கம் இருந்த மனிதர்களில் ஒருவருக்காவது என்ன நன்மை கிடைத்தது? படத்திலிருந்தே காட்டுங்கள். வணக்கம்.