குவெய்ன்ட் என்றால் அன்று கெட்டிக்காரன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் குவெய்ன்ட் என்று ஒரு சொல். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும். தேன் நிறக் கல் வீடு, குட்டி ஜன்னல், வளைந்து போகும் தெரு. பழங்காலத்துப் பொருள், ஆனாலும் மனதை இழுக்கிறது என்றால் குவெய்ன்ட்.

பிறந்தபோது இது அறிவைக் குறித்த சொல். இலத்தீனில் காக்னிடஸ் என்றால் அறியப்பட்டது. பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து கொயின்ட் ஆனது; விஷயம் தெரிந்தவன், கெட்டிக்காரன் என்று பொருள் கொண்டது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின் வந்து குவிந்த பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. அறிமுகமானவரை அக்குவெய்ன்டன்ஸ் என்கிறோமே, சொல்லிப் பாருங்கள், உள்ளே குவெய்ன்ட் ஒலிக்கிறதா? இரண்டும் உடன்பிறப்புகள். இன்னும் ஆழத்தில் உள்ள வேர், சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்த ஞானம் என்ற சொல்லுக்கும் வேர்தான்.

ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்தை வகுப்பில் நடத்தும்போது ஒரு இடத்துக்காகக் காத்திருப்பேன். 1611 வாக்கில் எழுதிய நாடகம். மந்திரவாதி பிராஸ்பெரோவின் ஏவலுக்கு ஏரியல் என்ற ஆவி. கப்பலையே கதிகலங்க அடித்துவிட்டு வந்த ஆவி அது. அப்புறம் கடல் தேவதை வேடத்தில் வந்து நிற்கிறது. பிராஸ்பெரோ பூரித்துப்போய், 'என் குவெய்ன்ட் ஏரியல்' என்கிறான். ஒரு மாணவி எழுந்து, "ஏரியல் ரொம்பப் பழைய ஆவியா சார்?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. இன்றைய பொருளை வைத்தால் அப்படித்தானே தோன்றும்? பிராஸ்பெரோ மெச்சியது அதன் சாமர்த்தியத்தை, நேர்த்தியை. அன்று அந்த மணி நேரம் முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே போனது. எனக்கு வருத்தமே இல்லை.

கெட்டிக்கார ஆளைக் குறித்த சொல், கெட்டிக்காரத்தனமாகச் செய்த பொருளுக்கும் ஆனது. நுணுக்கமான வேலைப்பாடு அபூர்வமாகத் தெரியும், அபூர்வம் விசித்திரமாகத் தெரியும். 1700க்குப் பின் சொல்லே அருகிப்போய், அந்த நூற்றாண்டின் முடிவில்தான் இன்றைய பொருளோடு திரும்பி வந்தது. ஆலைகள் பெருகிய காலம் அது. கையால் செய்ததெல்லாம் பழையதாகத் தெரியத் தொடங்கியதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் வேலை தெரிந்தவனின் அறிவு அங்கேதான் இருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸில் வயல் ஓரத்துச் சுவரைப் பாருங்கள். சாந்து கிடையாது. கல்லின் மேல் கல், ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி தேர்ந்து அடுக்கியது. வைக்கோல் கூரையை அவ்வளவு சரிவாக வேய்வது மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடத்தான். இதை குவெய்ன்ட் என்று ரசிப்பவர்கள், அந்தச் சொல்லின் பழைய பொருளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அறிவுள்ள சுவர், அறிவுள்ள கூரை!

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நைஸ் என்ற சொல்லைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: இலத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு ஒன்றும் அறியாதவன் என்று பொருள். அங்கிருந்து கிளம்பித்தான் அது இன்றைய பாராட்டாக வந்து சேர்ந்தது. வணக்கம்.