ராத்திரி வரும் பண்டு விலை: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சீனியர் அக்கவுண்டன்ட்

வணக்கம் மக்களே. டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மாதாமாதம் மியூச்சுவல் பண்டில் எஸ்.ஐ.பி. (தவணை முதலீடு) போடுகிறார். அவர் என்னிடம் கேட்டது இது: "தம்பி, சந்தை மூணரைக்கே முடிஞ்சிருதுல்லா, எம் பண்டு விலை மட்டும் ஏன் ராத்திரி வருது?"

அந்த இடைவெளியில் நடப்பதுதான் என் வேலை. பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ஜூனியர்கள் போட்ட கணக்கைச் சரிபார்த்து, நான் ஓகே சொன்ன பிறகுதான் விலை வெளியே போகும். பெரும்பாலான பண்டுகளுக்கு இரவு 11 மணிக்குள் ஆம்ஃபி (பண்டு நிறுவனங்களின் சங்கம்) தளத்தில் ஏறியாக வேண்டும்.

சூத்திரம் எளிது. பங்கு, பத்திரம், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய மதிப்பைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, முதலீட்டாளர்களிடம் உள்ள யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை. நிர்வாகச் செலவும் தினமும் ஒரு நாளுக்கு உரியது கழிகிறது, ஞாயிறு உட்பட. இதெல்லாம் சாப்ட்வேர் போட்டுவிடும்.

ஆனால் ஒரு போனஸ் பங்கு வந்தால் பாருங்கள். 200 கோடி ரூபாய் பண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கம்பெனியின் ஒரு லட்சம் பங்கு, விலை 1,000 ரூபாய். ஆக 10 கோடி. ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம். எக்ஸ்-டேட் அன்று, அதாவது போனஸ் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில், விலை 500 ஆகிவிடும். போனஸ் பங்கு அன்றைக்கே டிமேட் கணக்கில் வந்து விழாது. கஸ்டோடியன் (பண்டின் பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் நிறுவனம்) அறிக்கையில் ஒரு லட்சம், நம் கணக்கிலும் ஒரு லட்சம். அழகாக டாலி ஆகிறது. விலையோ தப்பு! வர வேண்டிய இன்னொரு லட்சம் பங்கை அன்றே வரவாக எழுதாவிட்டால் 5 கோடி காணாமல் போகும். 40 ரூபாய் இருக்க வேண்டிய யூனிட் 39 காட்டும். அன்று மகள் காலேஜ் பீஸுக்காக 5,000 யூனிட் விற்றவருக்கு 5,000 ரூபாய் நஷ்டம். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு இதுதான் பொறுக்காது.

அதனால் டாலி ஆனதா என்று மட்டும் நான் கேட்பதில்லை. ஏன் நகர்ந்தது என்று கேட்பேன். சந்தைக் குறியீடு அசையவில்லை, பண்டு மட்டும் இரண்டரை சதவீதம் இறங்கியிருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, எந்தப் பங்கு இழுத்தது என்று தேட வேண்டும். பதில் கிடைக்காமல் ஓகே கிடையாது, மணி பத்தரை ஆனாலும் சரி.

சேவியர்ஸ், ஜான்ஸ் என்று இங்கே பி.காம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பண்டுகள் தங்களிடம் என்னென்ன பங்கு இருக்கிறது என்று மாதாமாதம் வெளியிடுகின்றன. ஒன்றை இறக்கி எக்ஸெலில் போட்டு, ஒரு நாள் விலை மாற்றத்தை நீங்களே கணக்கிட்டு, அன்றைய என்.ஏ.வி.யோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும். அதற்குக் காரணம் தேடுங்கள். இன்டர்வியூவுக்கு யார் வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்.

அடுத்த வீடியோவில் கடன் பத்திரப் பண்டு.