கனம் அடியில் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். செஸ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், ஆட்டம் பிடிபட ஆரம்பித்ததும் கேட்பது இதுதான்: “சார், வீட்டுக்கு நல்ல மர செட் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?”

விற்பவர்கள் ‘டபுள் வெயிட்’, ‘டிரிபிள் வெயிட்’ என்று போட்டிருப்பார்கள். அதற்குப் பொது அளவு ஏதும் கிடையாது. ஒரு கடையின் டிரிபிள் இன்னொரு கடையின் டபுளாக இருக்கலாம். எத்தனை கிராம் என்று கேட்பதைவிட, கனம் காயின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கடைசல் பிடித்த காயின் அடியைக் குடைந்து, உள்ளே ஈயமோ இரும்போ வைத்துப் பசையிட்டு அடைப்பார்கள். அதன்மேல் ஃபெல்ட் துணி ஒட்டுவார்கள். கனம் எவ்வளவு தாழ இருக்கிறதோ, அவ்வளவுக்குக் காய் விழாமல் நிற்கும். ராஜாவை விரலால் நன்றாகச் சாய்த்துவிடுங்கள். ஆடி ஆடி நிமிர வேண்டும். அதே சோதனையைச் சிப்பாய்க்கும் செய்யுங்கள். பல செட்டுகளில் ராஜா கனக்கும், சிப்பாய் நெட்டி போலிருக்கும். எட்டுச் சிப்பாய்களைத்தான் ஆட்டத்தில் அதிகம் தட்டிவிடுகிறோம், அங்கே கனம் இல்லாவிட்டால் என்ன பயன்? பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சத்தம் கேட்டால் பசை விட்டுவிட்டது, அந்தச் செட் வேண்டாம்.

அளவுக்கு மீறிய கனமும் நல்லதல்ல. ஆளுக்கு மூன்று நிமிடம் மட்டும் தரும் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் கை சோர்ந்துவிடும். கனத்த காய் தரையில் விழுந்தால் ராஜாவின் சிலுவையோ குதிரையின் காதோ முதலில் போகும்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர் என்றும், அடிப்பாக விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் என்றும் பரிந்துரைக்கிறது. பலகைக்கு எளிய கணக்கு: ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் அடங்க வேண்டும்.

இப்போது நாம் பார்க்கும் காய்களின் வடிவம் 1849இல் லண்டனில் வந்தது. நத்தானியல் குக் பதிவு செய்தார், ஜாக்ஸ் நிறுவனம் செய்து விற்றது, அக்காலத்தின் பெரிய ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் பெயரைச் சூட்டினார்கள். இன்று அந்த ஸ்டான்டன் காய்களை உலகத்துக்கே செய்து அனுப்பும் ஊர்களில் முக்கியமானது நம் பஞ்சாபின் அமிர்தசரஸ். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

மற்ற காய்களெல்லாம் பெரும்பாலும் கடைசல் வேலை. குதிரைத் தலையைக் கடைய முடியாது. உளி பிடித்துத்தான் செதுக்க வேண்டும். அதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல செட்டின் விலையில் பெரும்பங்கு இந்த நான்கு குதிரைகளுக்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். நான்கையும் வரிசையாக நிறுத்தி, பிடரி மயிர், கண், தாடை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேலையில் அவசரம் தெரிந்தால் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருப்பார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, வெள்ளைக் காய்களுக்கு வெளிர்மஞ்சள் நிற பாக்ஸ்வுட். கறுப்புக்குக் கருங்காலி அழகு, இயல்பிலேயே கனம். ஆனால் சரியாக உலராத கருங்காலி, ஏ.சி. அறையில் வெடிப்பு விடும். முதல் செட்டுக்கு நான் சொல்வது சீஷம். நம் ஈட்டி மரத்தின் உறவு அது; விலையும் தாங்கும். பாக்ஸ்வுட்டுக்கே கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இரு நிறத்திலும் ஒரு ராணி கூடுதலாக, மொத்தம் 34 காய்கள் வருகிறதா என்று கேளுங்கள். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாக மாறும்போது யானையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று சொல்ல வேண்டியிருக்காது. முடிந்தால் உதிரிக் குதிரை ஒன்றையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அதே நிறத்து மரம் அமைவது கடினம்.