பெயர் சொல்லாத உறவு

(மலேசியாவின் சுங்கை சிப்புட் இலக்கியக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

சிலி நாட்டு அதிபராக இருந்த சல்வதோர் அலெண்டே, நாவலாசிரியர் இசபெல் அலெண்டேவுக்கு என்ன உறவு என்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகக் குறிப்பிடுகிறார்கள். உண்மையில் அதிபர், இசபெலின் தந்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரர். நமக்கு இதில் குழப்பமே இல்லை. அப்பாவின் பங்காளி என்றால் வயதைப் பார்த்துப் பெரியப்பா என்றோ சித்தப்பா என்றோ அழைத்துவிடுவோம். (அதிபருக்கு இசபெல் என்ற பெயரிலேயே ஒரு மகளும் உண்டு, அவர் அரசியல்வாதி. இருவரையும் ஒருவராக்கிப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.)

இசபெல் 1942-இல் பெரு நாட்டின் லீமாவில் பிறந்தார். தந்தை அங்கே சிலித் தூதரக அதிகாரி. மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது அவர் குடும்பத்தைவிட்டுப் போய்விட, தாய் பிள்ளைகளுடன் சாந்தியாகோவிலிருந்த தம் தந்தையின் வீட்டுக்குத் திரும்பினார். ஆகவே இசபெல் வளர்ந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். தந்தை விட்டுச்சென்றது குடும்பப் பெயர் ஒன்றுதான். நம் வழக்கில் சொன்னால், முன்னெழுத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போன அப்பா. பிறகு அந்த முன்னெழுத்துதான் அவருடைய தலையெழுத்தாகவும் ஆனது.

1970-இல் 36 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான வாக்குகளுடன் வென்ற அலெண்டே, மறு ஆண்டே செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினார். 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் லா மொனேடா என்னும் அதிபர் மாளிகையின்மீது விமானங்களிலிருந்து குண்டு வீசியது. அதிபர் உள்ளேயே உயிரிழந்தார். ஆட்சியைப் பிடித்த இராணுவத் தளபதி பினோசெயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. அந்த ஆட்சியில் அலெண்டே என்ற பெயருடன் ஊரில் நடமாடுவதே ஆபத்தாயிற்று. தேடப்படுகிறவர்களுக்கு அடைக்கலம் தேடித் தந்த ஒரு பத்திரிகையாளருக்கு அந்தப் பெயரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பத்திரிகையாளர்தான் இசபெல். 1975-இல் அவர் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வெனிசுவேலா தலைநகர் கராக்கசுக்குப் போய், பதின்மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்.

நாவல் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1981 ஜனவரி 8 அன்று, நூறு வயதை நெருங்கிய தாத்தா சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்தது. ஊருக்குப் போக வழியில்லாத பேத்தி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். தாத்தா இறந்த பின்னும் நிற்காமல் வளர்ந்த அந்தக் கடிதம், 1982-இல் ‘ஆவிகளின் வீடு’ என்ற பொருள்படும் தலைப்பில் நாவலாக வெளிவந்தது.

பெரிய மனிதரின் பெயரை வைத்துத்தான் இவர் பெயரெடுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நாவலில் நாட்டின் பெயரும் இல்லை, சல்வதோர் என்ற பெயரும் இல்லை. முதலில் ‘வேட்பாளர்’, பிறகு ‘அதிபர்’, அவ்வளவுதான். பக்கங்களை நிறைத்துக்கொண்டு நிற்பவரோ எஸ்தெபான் த்ருவேபா என்ற தாத்தா: பண்ணைக்காரர், செனட்டர், முன்கோபி, அந்த அதிபரின் பரம எதிரி. இராணுவம் வந்ததை முதலில் கொண்டாடிய அவரே பின்னர் சிறைப்பட்ட பேத்தியை மீட்க அலைகிறார். தன்னை நாடு கடக்க வைத்த பெயரை எழுத்தாளர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாறான கட்சியில் நின்ற கிழவரைத்தான் அருகில் உட்கார வைத்துப் பேசவிட்டார். இதை அச்சம் என்று நான் கொள்ளவில்லை. அதிபரைப் பற்றிப் பேச உலகமே இருந்தது. தாத்தாவைப் பற்றிப் பேச அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

இதை நான் சுங்கை சிப்புட்டில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் பிறந்தது. மறு ஆண்டு மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயராவது நூல்களில் இருக்கிறது. சங்கத்தில் இருந்ததற்காக நாடு கடத்தப்பட்ட பால்மரத் தொழிலாளர்களின் பெயர்களை வீட்டார்கூட உரக்கச் சொல்லவில்லை. சிலிக் குடும்பத்தோடு இவர்களைச் சமமாக்க நான் முயலவில்லை. அங்கே பெயர் ஊரறிந்தது, இங்கே பெயரே அழிந்தது.

என் பாட்டியின் தம்பி அப்படிக் கப்பலேற்றப்பட்டவர். பாட்டி வாழ்நாள் முழுவதும் அவரைக் ‘கப்பல்காரன்’ என்றுதான் சொன்னார். பிள்ளைகளாகிய நாங்கள் அவர் கப்பலில் வேலை பார்த்ததாகவே நினைத்திருந்தோம். பாட்டி இறந்து பல ஆண்டுகள் கழித்து, குடும்ப மரம் ஒன்றை எழுதி வைக்கலாம் என்று அத்தையிடம் போய், அந்தக் கப்பல்காரர் தாத்தாவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஆனாலும் அத்தை எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் அந்தப் பெயரைச் சொன்னார்.