கோர் பெட்டிக்கு ஆணி அடிக்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே. நீர் ஊடுருவல் சோதனையைப் பற்றி இன்று பேசுவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். இந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் வந்து இறங்கிய கோர் பெட்டிகளை, அதாவது நிலத்தைத் துளைத்து எடுத்த உருளை வடிவப் பாறைத் துண்டுகளை அடுக்கிய பெட்டிகளைப் பார்த்த பிறகு அதைத் தள்ளிவைத்துவிட்டேன். சென்னையின் தெற்குப் பகுதியில் எடுத்த சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை, நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய்ப் பளபளப்பு, 54 மில்லிமீட்டர் விட்டம். அவ்வளவு அழகான கோர் இருந்த பெட்டியின் மூடியைச் சுற்றிலும் ஆணி அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

சுத்தியலின் ஒவ்வொரு அடியும் பலகை வழியாகக் கோருக்குள் இறங்குகிறது. திறக்கும்போது கம்பியால் நெம்ப வேண்டியிருப்பதால், வரும் வழியில் தப்பிய துண்டும் அப்போது உடைகிறது. கோர் பெட்டிக்கு ஆணி அடிப்பதை நான் அறவே வெறுப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருகாணி போதும். பாரிமுனையில் 100 திருகாணிகள் கொண்ட டப்பாவுக்கு 240 ரூபாய் கேட்டார்கள். பேசி 210 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பெட்டிக்கு ஆறு என்று கணக்கிட்டால் 12 ரூபாய் 60 காசு. ஒரு மீட்டர் துளையிட ஆகும் செலவுக்கு முன்னால் இது ஒரு தொகையே இல்லை, அதிலும் கழற்றிய திருகாணியை அடுத்த பெட்டிக்கு மறுபடியும் பயன்படுத்தலாம்.

உடைந்தால் என்ன, கல் கல்தானே என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 1960களில் அமெரிக்கப் பொறியாளர் டான் டீர் வகுத்த ஆர்.க்யூ.டி. என்னும் பாறைத் தர அளவீட்டில், பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத, உறுதியான துண்டுகளின் நீளத்தை மட்டும் கூட்டி, ரன்னின், அதாவது ஒரே முறையில் துளையிட்ட பகுதியின், மொத்த நீளத்தால் வகுக்கிறோம். ஒன்றரை மீட்டர் ரன்னில் 38, 31, 27, 22, 18, 8 சென்டிமீட்டர்த் துண்டுகள் கிடைத்தால் ஆர்.க்யூ.டி. 91 சதவீதம்; மிகச் சிறந்த பாறை. அதில் 18 இரண்டு ஒன்பதாகவும், 22 பதின்மூன்றும் ஒன்பதுமாகவும் உடைந்து, அந்த உடைவுகளை இயற்கை விரிசல் என்று யாராவது எண்ணிவிட்டால், அதே பாறை 73 சதவீதத்துக்கு, அதாவது நடுத்தர வகைக்கு இறங்கிவிடுகிறது. நிலத்தடியில் எதுவுமே மாறவில்லை. இந்த எண்ணை நம்பி வடிவமைக்கும் சுரங்கப்பாதையின் தாங்கு அமைப்போ தேவையில்லாமல் கனமாகிவிடும்.

புதிய உடைவின் முகம் கரடுமுரடாக, கறையின்றி இருக்கும். இயற்கை விரிசலில் பெரும்பாலும் இரும்புக்கறையோ களிமண்ணோ படிந்திருக்கும். ஆனால் லாரிக் குலுக்கலில் இரண்டு முகங்களும் உரசி மாவு உதிர்ந்தபின், அனுபவசாலியும் தடுமாறுவார். ஆகவே துண்டுகள் நகராதபடி இடைவெளிகளில் நுரைத் துண்டு வைத்து நிரப்புங்கள். பெட்டியில் அடக்குவதற்காக நாமே உடைக்க நேர்ந்தால், அந்த இடத்தின் இருபுறமும் பெயிண்ட் பேனாவால் குறியிடுங்கள்.

துளையிடும்போது கோரை உள்ளே பிடித்துவைக்கும் குழாயான பேரலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கோர் வெளியே வரவில்லை என்று பேரலைச் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் ஆணியை விடக் கொடியது. இரு பாதியாகத் திறக்கும் உட்குழாய் கொண்ட டிரிபிள் டியூப் பேரல் எனக்கு மிகவும் பிடித்த கருவி. குழாயை நீர் அழுத்தத்தால் வெளியே தள்ளி, கிடைமட்டமாக வைத்துத் திறந்தால், கோர் இருந்த வரிசையிலேயே கிடக்கும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஷேல் என்னும் களிமண் பாறைக்கு இதுவும் போதாது. காய்ந்தால் வெடித்து, மறுபடி நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும் ஷேல் உண்டு. வலிமைச் சோதனைக்கான துண்டை எடுத்த உடனேயே ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் உருக்கிய மெழுகு என்று மூடி, நிழலில் வையுங்கள். மதிய உணவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

இன்னொன்று, நண்பர்களே: மூடியைத் திருகுவதற்கு முன்பாகவே, ஆழத்தைக் குறித்து வைத்த கட்டைகளும் அளவுகோலும் தெரியும்படி புகைப்படம் எடுத்துவிடுங்கள். எந்த உடைவு வழியில் நேர்ந்தது என்பதை ஆய்வுக்கூடத்தில் அதைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும்.